ஐந்து எண்ணிவிட்டு எழும்பவும்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் மூளையில் உதித்தது அல்ல. ஓர் அசனப் பந்தியில், அதாவது சர்ச் விருந்தில், பக்கத்தில் இருந்தவரின் கைவிரல்களிலிருந்து எடுத்தது. அவருக்கு இன்றுவரை தெரியாது.

தடிக்காரன்கோணம் தாண்டி, மலை தொடங்குகிற இடத்தில் ஓர் ஊர். பெயரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் என்னைத் தேடி வருவார்கள், அதனால் வேண்டாம். நண்பர் கூப்பிட்டார் என்று அங்கே சபை அசனத்துக்குப் போயிருந்தேன். எல்லோரும் சாப்பிட்டு முடித்ததும் வெளியே ஒரு வெடி போட்டார்கள். ஜெபத்துக்கு எழுந்து நிற்க வேண்டும் என்பதற்கு அது அடையாளமாம். சத்தம் கேட்டதும் நான் எழுந்துவிட்டேன். முந்நூறு பேர் இருந்த பந்தியில் நின்றது நான் ஒருவன்தான். பக்கத்தில் இருந்தவர், மின்வாரியத்தில் வேலை பார்க்கிறவர், என் வேட்டியைப் பிடித்து இழுத்தார்.

"இரியும் ஓய். எண்ணிக்கிட்டு எழும்பும்."

அவர் கட்டைவிரலை மடக்கினார். பிறகு ஆள்காட்டி விரல். சுற்றிலும் பார்த்தேன். எல்லாக் கைகளும் அதையே செய்துகொண்டிருந்தன. ஐந்து விரலும் மடங்கியதும் மொத்தப் பந்தியும் ஒன்றாக எழுந்து கண்ணை மூடியது.

ஏன் எண்ணுகிறீர்கள் என்று பிறகு கேட்டேன். ஆண்டவரின் ஐந்து காயங்களை நினைத்து என்றார் உபதேசியார். சாப்பிட்டவுடன் படக்கென்று எழுந்தால் வயிற்றுக்கு ஆகாது என்றார் ஒருவர். "எனக்க மாமியா எண்ணுவா, நானும் எண்ணுகேன்" என்றாள் ஒரு பெண். மிக நேர்மையான பதில் அதுதான். ரோட்டுக்கு அந்தப் பக்கம் அய்யாவழிக்காரர்கள் கும்பிடுகிற இடமான நிழல் தாங்கல் இருக்கிறது. அங்கேயும் திருவிழா வெடிக்கு விரல் மடக்குவார்கள் என்று கேள்விப்பட்டு, வெயிலில் நடந்துபோய் விசாரித்தேன். பஞ்ச பூதம் என்றார்கள். கிளம்பும்போது பின்னாலிருந்து ஒரு குரல், "அது பண்டு பன்னி வேட்டைக்குப் போனவங்களுக்க பழக்கமாக்கும்" என்றது. திரும்பிப் பார்த்தேன். யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை.

அவ்வளவுதான் எனக்குக் கிடைத்தது. ஐந்து விரல், ஒரு வெடி, ஒரு பன்றி. மீதியெல்லாம் பொய். ஆனால் அக்கறையாகச் சொல்கிற பொய்.

2

இரண்டு பக்கத்து ஆட்களும் எண்ணுகிறார்கள் என்றால் கதைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவர், ஒருவர் நிழல் தாங்கலுக்குப் போகிறவர். அந்த அளவுக்குத் தர்க்கம் எனக்கும் வரும். முன்னவருக்கு ரசலையன் என்றும் பின்னவருக்குக் கோலப்பன் என்றும் பெயர் வைத்தேன். இனி தொடக்கம்.

"மலையின் முகட்டில் மஞ்சு இறங்கிக்கொண்டிருந்த ஒரு மார்கழி —"

வேண்டாம். இப்படித் தொடங்கிய கதைகளில் மஞ்சு இறங்கி முடிவதற்குள் வாசகர் தூங்கிப்போகிறார்.

"ரசலையனுக்கு அப்போது நாற்பத்தொரு வயது. அவர் ஒரு —"

ஒரு என்ன? நல்லவர்? எல்லோரும்தான் நல்லவர்.

"ரசலையன் குடை வாங்கப் போனால் கடைக்காரர் மத்தியானச் சாப்பாட்டை மறந்துவிட வேண்டியதுதான்."

இது இருக்கட்டும். ரசலையன் எதையும் லேசில் தேர்ந்தெடுக்க மாட்டார். பதினொரு குடையை விரித்துப் பார்த்துவிட்டு முதலில் விரித்ததை வாங்குவார். வீட்டுக்கு வந்ததும் ஏழாவது நன்றாக இருந்ததே என்பார். தேங்காயைத் தட்டிப் பார்ப்பார், சுரைக்காயைத் தட்டிப் பார்ப்பார், ஒருமுறை புதுச் செருப்பையும் தட்டிப் பார்த்தார். பெண் பார்த்துவிட்டு வந்த அன்று, "இன்னொரு மட்டம் பாத்துக்கிடலாமா?" என்று கேட்டாராம். அந்தப் பெண் செல்லபாய் பதினெட்டு வருடமாக அவருக்குச் சோறு போட்டுக்கொண்டே அதைச் சொல்லிக் காட்டுகிறாள்.

இப்படிப்பட்டவர் தன் வாழ்நாளில் ஒரே ஒரு பொருளைத் தயங்காமல் எடுத்தார். அது ஒரு துப்பாக்கி. அதனால் கோலப்பனின் உயிர் போகுமா இருக்குமா என்பதுதான் இந்தக் கதை. மறைத்து வைத்துக் கடைசியில் சொல்லி உங்களைத் திடுக்கிட வைக்கிற உத்தேசம் எனக்கு இல்லை.

3

(கொஞ்சம் சரித்திரம். பொறுத்துக்கொள்ளுங்கள், சுருக்கமாகவே இருக்கும்.)

கொல்லம் ஆண்டு 1127, அதாவது 1952 தொடக்கம். நாங்கள் திருவிதாங்கூர்-கொச்சிக்காரர்களாக இருந்த காலம். அரிசி ரேஷனில் வந்தது, சில வாரம் வரவில்லை. வராத வாரங்களில் ஊரைக் காப்பாற்றியது மரச்சீனி, அதாவது மரவள்ளிக் கிழங்கு. ரசலையனுக்கும் கோலப்பனுக்கும் மலைச்சரிவில் அடுத்தடுத்து மரச்சீனித் தோட்டம், எங்கள் பேச்சில் விளை. நடுவில் ஒரு கயிற்றுக்கனம் வரப்பு. அந்த வரப்பைக் காட்டுப்பன்றிகள் மதிக்கவில்லை. ஒரு கூட்டம் இறங்கினால் விடிவதற்குள் நாலு குடும்பத்தின் மூன்று மாதச் சாப்பாட்டைக் கிளறிப் போட்டுவிட்டுப் போய்விடும். தின்பது பாதிதான். மீதியைச் சும்மா தள்ளிப் பார்க்கும்.

(பன்றியைச் சுடுவது இன்று குற்றம். அன்று கடமை. ஆகவே வனத்துறை அன்பர்கள் என் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டாம்.)

ரசலையனிடம் ஒரு கேப்புத் துப்பாக்கி இருந்தது. வாய்வழியாக மருந்து போட்டு, தேங்காய்ச் சவுரி நார் போட்டு, குண்டு போட்டு, கம்பியால் இடிக்க வேண்டும். ஒருமுறைதான் வெடிக்கும். அடுத்த வெடிக்கு மறுபடி முதலிலிருந்து இடிக்க வேண்டும். அதற்குள் கருப்பட்டிக் காப்பி போட்டுக் குடித்துவிடலாம். இதனால் அந்த மலையடியில் ஒரு முறை உண்டாகியிருந்தது. கீழேயிருந்து ஆட்கள் தகரம் தட்டிப் பன்றியைக் கலைப்பார்கள். சுடுகிறவர் மேலே பாறைக்குப் பின்னால் இருப்பார். அவருக்கு எதிர்ப்புறம் ஈட்டியோடு ஒருவர் குனிந்து பதுங்கியிருப்பார். வெடிச்சத்தம் கேட்டதும் ஈட்டிக்காரர் எழும்பி ஓடவேண்டும். ஏனென்றால் சுட்டவரின் கையில் இப்போது இருப்பது வெறும் இரும்புக்குழாய். பன்றி சாகவில்லை என்றால் அவர் கதி என்ன? வெடி என்றால் எழும்பு. அதில் யோசிக்க ஒன்றும் இல்லை. யோசிக்கிறவனை அடுத்த முறை கூட்டிப்போக மாட்டார்கள்.

கோலப்பன் இருபத்திரண்டு வருடம் ரசலையனுக்கு ஈட்டி பிடித்தார். ஒருநாளும் அரை நொடி தாமதித்ததில்லை.

போன வருடமும் அப்படித்தான் எழும்பினார். குண்டு பட்ட பன்றி திரும்பி அவர் வலது காலைக் கணுவிலிருந்து முட்டுவரை கிழித்தது. ரசலையன் பத்தடி தூரத்தில் நின்று மருந்து இடித்துக்கொண்டிருந்தார். அவசரத்தில் மருந்து மண்ணில் கொட்டியது. மறுபடி கொட்டியது. பன்றி தன் பாட்டுக்குப் போனது. நெய்யூர் ஆஸ்பத்திரியில் முப்பத்திரண்டு தையல்.

கோலப்பன் அதைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. திட்டியிருந்தால் ரசலையன் தேறியிருப்பார்.

"உனக்க காலு எப்பிடி இருக்கு மக்கா?"

"எனக்க காலு எங்கிட்ட சொல்லாதத ஒங்கிட்ட சொல்லப்போவுதா? சவத்த வுடு. வெத்தில இருக்கா?"

இப்படித்தான் ஒவ்வொரு நாளும். விந்தி விந்தி நடந்து வெற்றிலை வாங்கிப்போகிற அந்தக் காலை, ரசலையன் பார்வையிலிருந்து மறைகிறவரைக்கும் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் மனதில் ஒரே கணக்குத்தான். இன்னொரு வெடி இருந்திருந்தால். ஒன்றே ஒன்று.

4

கீரிப்பாறைக்கு மேலே எஸ்டேட் வைத்திருந்த வெள்ளைக்கார துரை பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். (எந்த எஸ்டேட் என்று கேட்காதீர்கள். அதுவும் நான் கட்டியதுதான்.) போகிறதற்கு முன் தன் துப்பாக்கிகளில் ஒன்றை ரசலையனுக்குக் கொடுக்கலாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார். செய்தி கொண்டுவந்தவர் ஆபேல். எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர் உத்தியோகம், ரசலையனோடு கோயில் பாடகர் குழுவில் இருக்கிறவர். நானும் ரைட்டர்தான், ஆனால் மாதச் சம்பளம் அவருக்கு மட்டும்.

பங்களாவின் சாப்பாட்டு மேசையில் விரிப்பு போட்டு இரண்டு துப்பாக்கிகள் கிடந்தன. ஒன்று ரெட்டைக்குழல். பார்த்ததும் புரிகிற சாமான்; இரண்டு குழல், இரண்டு வெடி. மற்றது ஒற்றைக்குழல் ரைபிள், கொஞ்சம் தடித்தது, அமெரிக்காவில் செய்தது. உள்ளே ஐந்து தோட்டா. ஒருமுறை விசையை அழுத்தினால் ஒன்று வெடிக்கும், வெற்றுத் தோட்டா வெளியே தெறிக்கும், அடுத்தது தானாக ஏறிக்கொள்ளும். விரலை விட்டு மறுபடி அழுத்தினால் போதும். செமி ஆட்டோமேட்டிக் என்று இன்றைக்குச் சொல்கிறோம்.

(வெற்றுத் தோட்டா இடது பக்கம் தெறித்ததாக முதலில் எழுதியிருந்தேன். ரிசர்வ் போலீசில் இருந்து ஓய்வுபெற்ற ஜான்ரோஸிடம் படித்துக் காட்டினேன். "வலது பக்கம் ஓய். இடது பக்கம்னா இவனுக்க மூஞ்சியில அடிச்சிருக்கும்" என்றார். கதையைப் பற்றி வேறு ஒன்றும் சொல்லவில்லை.)

ரசலையன் வழக்கம்போல் ஆரம்பித்தார். ரெட்டைக்குழலைத் தூக்கினார், குழலுக்குள் ஒரு கண்ணால் பார்த்தார், மோந்து பார்த்தார், கட்டையில் விரல் மடக்கித் தட்டினார். துரை ஆபேலைப் பார்த்தார். "தேங்காய் வாங்கிப் பழக்கம்" என்கிற மாதிரி ஆபேல் இங்கிலீஷில் ஏதோ சொன்னார்.

பிறகு துரை ரைபிளை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தார். தூரத்தில் ஒரு பால் தகரம். ஐந்து வெடி. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு மூச்சு விடுகிற நேரம்தான். தகரம் ஒவ்வொரு வெடிக்கும் ஒரு குதி குதித்தது.

ரசலையன் தகரத்தைப் பார்க்கவில்லை. போன வருடத்துப் பன்றியைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் வெடி, பன்றி திரும்புகிறது. இரண்டாவது வெடி, பன்றி விழுகிறது. கோலப்பனின் கால் முழுசாக இருக்கிறது. அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. துண்டால் துடைத்துக்கொண்டு வெடிமருந்துப் புகை என்றார்.

துரை நீளமாக ஏதோ சொன்னார். ஆபேல் சொன்னது இது:

"ரெட்டைக்குழல எடுத்துக்கிடச் சொல்லுகாரு. சுத்தி ஆளு நிக்கப்பட்ட வேட்டைக்கு அதுதான் கொள்ளாமாம். இதுக்க குண்டு பன்னியத் தொளச்சிக்கிட்டு அங்கோட்டும் போவுமாம்."

"இத வேண்டாம்னா சொல்லுகாரு?"

"ஆமா."

"அப்பம் இதுதான் வேணும்."

வடசேரிச் சந்தையில் மாடு பிடித்துப் பழகியவர்களுக்கு இது விளங்கும். விற்கிறவன் ஒன்றை வேண்டாம் வேண்டாம் என்று தள்ளிவிட்டால் அதைத் தனக்கு வைத்துக்கொள்ளப் பார்க்கிறான் என்று அர்த்தம். துரைக்கு அந்த அர்த்தம் தெரியாது. பாவம், அவர் உண்மையைச் சொன்னார்.

5

இந்த இடத்தில் நான் நான்கு நாள் எழுதாமல் இருந்தேன்.

எனக்குக் கோலப்பனைப் பிடித்துப்போய்விட்டது. அவரைக் காப்பாற்ற ஒரு சுலபமான வழி இருந்தது. ரசலையனை ரெட்டைக்குழலை எடுக்க வைத்தால் போதும். எழுதியும் பார்த்தேன்: "ரசலையன் ரெட்டைக்குழலைத் தோளில் போட்டுக்கொண்டு மலையிறங்கினார். அதன்பிறகு அந்த விளைகளில் —"

எழுதும்போதே என் கண் முன்னால் அசனப் பந்தியின் விரல்கள் வந்து நின்றன. ரெட்டைக்குழல் என்றால் இரண்டு விரலல்லவா மடக்கியிருப்பார்கள்? நான் பார்த்தது ஐந்து. உபதேசியாரையும் சேர்த்து முந்நூறு சாட்சி. கிழித்துப் போட்டேன்.

ரசலையன் பத்மநாபபுரம் போய் லைசென்ஸில் புதுத் துப்பாக்கியைப் பதிந்துகொண்டு வந்தார். எத்தனை குழல் என்று குமாஸ்தா கேட்டதற்கு ஒன்று என்று சொல்லிவிட்டு, ஐந்து விரலையும் விரித்துக் காட்டினாராம். குமாஸ்தா அதை எழுதிக்கொள்ள இடம் இல்லை என்றார்.

6

இப்போது தாணம்மாள். கோலப்பனின் மனைவி. முதல் பிரதியில் இவள் இல்லவே இல்லை. ஆண்கள் எல்லோரும் துப்பாக்கியைச் சுற்றி நின்று வாயைப் பிளந்துகொண்டிருக்க, உருப்படியான ஒரு கேள்வி கேட்க யாராவது வேண்டியிருந்தது. வந்தாள்.

அவளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முந்தின வருடம் ஓட்டர் பட்டியல் எழுத வந்தவர் அவள் பெயரைக் கேட்டார். தெளிவாகச் சொன்னாள். புருஷன் பெயரைக் கேட்டார். கிணற்றடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்த கோலப்பனைக் கைகாட்டினாள். "பேரு அம்மா, பேரு" என்றார் வந்தவர். "அவியகிட்டயே கேளுங்க, அந்தால நிக்காவ" என்றாள். அவள் காலத்துப் பெண்கள் புருஷன் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ரசலையன் கோலப்பனின் முற்றத்தில் சாக்கை விரித்து ரைபிளை வைத்தார். தோட்டா மொத்தம் பதினொன்று. துரை போனபிறகு அந்த அளவுத் தோட்டா எங்கே கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது, அதனால் சுட்டுக்காட்டவில்லை. வாயால் சொன்னார். கோலப்பன் ஆசையாகத் தடவிப் பார்த்தார்.

"எனக்க காலுக்காவயாலே இத எடுத்த?"

"பின்ன எனக்க காலுக்கா?"

தாணம்மாள் காப்பியை வைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"அண்ணாச்சி, இது அஞ்சு மட்டம் வெடிக்கும்னா, வெடி முடிஞ்சு போச்சுன்னு இவியளுக்கு எப்பிடித் தெரியும்?"

"பன்னி விழுந்தா தெரியும் மைனி."

"விழல்லன்னா? இவிய ஒண்ணாமத்த வெடியிலேயே எழும்புவாவல்லா?"

ரசலையன் காப்பியைக் கீழே வைத்துவிட்டு ரைபிளை ஒருமுறை பார்த்தார். பதினொரு குடை விரித்துப் பார்க்கிற மனுஷனுக்கு இது தோன்றவில்லை. கோலப்பனின் காலை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்ததில், அந்தக் கால் என்ன செய்யும் என்பதை நினைக்காமல் விட்டுவிட்டார்.

"அஞ்சு எண்ணிட்டு எழும்புகேன்" என்றார் கோலப்பன் அலட்சியமாக. "எட்டாங்கிளாசு வரைக்கும் படிச்சவனுக்கு அஞ்சு வரைக்கும் எண்ணத் தெரியாதா?"

"அப்பம் எழும்பி அந்தப் பிலாவுக்குப் பின்னால போய் இரியுங்க" என்றாள் தாணம்மாள்.

உள்ளே போய்ச் செம்புப் பானையும் கரண்டியும் எடுத்து வந்தாள். கோலப்பன் சிரித்துக்கொண்டே பலாமரத்துக்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்தார், கையில் ஈட்டிக்குப் பதில் துவரங்கம்பு. அவள் பானையில் ஓங்கி ஒன்று போட்டாள். கோலப்பன் எழுந்து நின்றார்.

"இரியுங்க."

உட்கார்ந்தார். ஓங்கி ஒன்று. எழுந்து நின்றார்.

"நான் அறிஞ்சிக்கிட்டா எழும்புகேன்? காலு எழும்புது."

"அந்தக் காலத்தான் பன்னி கிழிச்சுது. அதுக்கு இன்னும் புத்தி வரல்லியா?"

"சத்தம் கேட்டா, அவன் வெறுங்கையோட நிப்பாம்னு மனசுக்குள்ள ஒரு வெப்ராளம், தாணம்மா."

"அண்ணாச்சிக்க கையில இன்னும் நாலு இருக்கு. ஒங்க கையிலதான் ஒரு கம்பு இருக்கு. இரியுங்க."

மூன்று நாள் இது நடந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் வேடிக்கை பார்க்க வந்தார்கள். பார்க்க வந்தவர்களும் கூடவே விரல் மடக்கினார்கள். முதல் நாள் பத்துக்குப் பத்தும் முதல் சத்தத்துக்கே எழும்பினார். இரண்டாம் நாள் எட்டு. மூன்றாம் நாள் சாயங்காலம் பத்துத் தடவையில் மூன்று தடவைதான் எழும்பினார். ஏழு தடவை ஐந்து விரலையும் மடக்கிவிட்டு, நல்ல பிள்ளையாக எழுந்து நின்று தாணம்மாளைப் பார்த்தார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அந்த மூன்று பாக்கி இருந்ததால் பானையை உள்ளே எடுத்து வைக்கவில்லை.

7

வாசகர்களில் புத்திசாலிகள் இந்நேரம் கேட்டிருப்பீர்கள்: ஐந்து தோட்டா ஏன்? ஒன்றே ஒன்று போட்டுக்கொண்டு போகலாமே?

ரசலையனும் அதையேதான் சொன்னார். "நான் ஒண்ணு மட்டும் போட்டுக்கிடுகேன் மக்கா."

"அதுக்கு கேப்புத் துப்பாக்கி போராதா? எதுக்குலே இத எடுத்த?" என்றார் கோலப்பன். பிறகு வேட்டியை முட்டுக்கு மேல் தூக்கினார். தையல் போட்ட இடம் மினுமினுவென்று இருந்தது. "பன்னிக்குக் குடுக்க இன்னொண்ணு எங்கிட்ட இல்ல. மத்தக் கால எனக்கு வேணும். அஞ்சையும் போடு."

வேறு ஆளை ஈட்டி பிடிக்க வைக்கலாமே? அதையும் கேட்டார்கள். கோலப்பன் எழுந்துபோய்விட்டார். இருபத்திரண்டு வருடத்தில் தனக்கு எதிரில் வேறு ஒருவன் உட்கார்ந்து ரசலையனுக்கும் பார்த்துப் பழக்கமில்லை.

ஆக, ஒருவரை ஒருவர் காப்பாற்றியே தீருவது என்று இரண்டு பேரும் முடிவோடு இருந்தார்கள். நான் இடையில் புகுந்து தடுக்கலாம் என்று பார்த்தேன். எனக்கு இடம் கொடுக்கவில்லை.

8

சனிக்கிழமை காலை. ஞாயிற்றுக்கிழமை என்றால் ஒருவருக்குக் கோயில், ஒருவருக்கு நிழல் தாங்கல்.

இருபது ஆண்கள் தகரத்தோடு விளையின் அடியில் நின்றார்கள். பெண்கள் வருகிற வழக்கம் இல்லை. தாணம்மாள் செம்புப் பானையோடும் கரண்டியோடும் வந்து விளையின் மேல்மூலையில் நின்றாள். அங்கிருந்து பார்த்தால் இரண்டு பேரும் தெரிந்தார்கள். இடது பக்கம் பாறைக்குப் பின்னால் ரசலையன். ஓடைக்கு அந்தப் பக்கம், அயனி மரத்தின் அடியில் கோலப்பனின் குனிந்த முதுகு. இரண்டு பேருக்கும் நடுவில் முப்பது அடி. பன்றி வருகிற வழி அதற்குள்தான்.

தகரச் சத்தம் எழுந்தது. மரச்சீனிச் செடிகள் ஒரு கோடாக அசைந்தன.

இங்கே நிறுத்துகிறேன். கோபப்படாதீர்கள். இதற்குமேல் மூன்று முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன்.

முதல் முடிவில் பன்றி ஒரே குண்டில் விழுந்துவிடுகிறது. கோலப்பன் எழும்பினாலும் ஒன்றுமில்லை, எல்லோரும் வீட்டுக்குப் போய்க் கிழங்கு அவித்துத் தின்கிறார்கள். இது கோழை எழுதிய முடிவு. இரண்டாவதில் தோட்டா ஈரம் பட்டு இரண்டாவது வெடி வெடிக்கவில்லை. துரை கண்ணாடி போல் துடைத்து வைத்திருந்த தோட்டா அது. நான்தான் தண்ணீர் தெளித்தேன் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். மூன்றாவதை எழுதிவிட்டு நானே படிக்கவில்லை. மடித்து வைத்திருக்கிறேன். அதில் செல்லபாய் தாணம்மாளின் வீட்டுக்கு வருகிறாள், ரசலையன் வாசலுக்கு வெளியிலேயே நிற்கிறார்.

ஊரைக் கேட்டால் தெரியாதா என்பீர்கள். ஊர் ஐந்து எண்ணுகிறது, அவ்வளவுதான். ஆள் தப்பித்த ஊரும் எண்ணும். ஆள் போன ஊரும் எண்ணும். விரலைப் பார்த்து எது என்று சொல்ல முடியவில்லை. நான் முந்நூறு கைகளைப் பார்த்தேன்.

9

ஆகையால் எனக்கு நிச்சயமாகத் தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

செடிகளைப் பிளந்துகொண்டு பன்றி வெளியே வந்தது. பெரிய ஒற்றை ஆண். ஓடையைத் தாண்டுகிற நேரத்தில் ரசலையன் சுட்டார். முன்தொடையில் பட்டது. மண்டியிட்டது, எழுந்தது, சத்தம் வந்த பாறையைப் பார்த்துத் திரும்பியது.

ரசலையனின் கண்ணில் பன்றியைத் தவிர ஒன்றும் இல்லை. போன வருடம் கொட்டிய மருந்து இந்த வருடம் கொட்டாது. விரலை விசையிலிருந்து விட்டுவிட்டார், மறுபடி அழுத்தப் போகிறார். இந்த இரண்டாவது வெடிக்காகத்தான் ஒரு வருடம் காத்திருந்தார்.

கோலப்பன் கட்டைவிரலை மடக்கினார். நான் பார்த்தேன், சத்தியமாக மடக்கினார். பிறகு பன்றி ரசலையனைப் பார்த்துத் திரும்புவதைக் கண்டார். இருபத்திரண்டு வருடத்துக் கால் எழும்பத் தொடங்கியது.

பாறையிலிருந்து பன்றிக்கு ஒரு கோடு போட்டு, குண்டு துளைத்துப் போகிற மாதிரி அதை நீட்டினால் அயனி மரத்தடிக்குப் போகும். தாணம்மாள் நின்ற இடத்திலிருந்து அந்தக் கோடு தெரிந்தது. அங்கிருந்து மட்டும்தான் தெரிந்தது.

அவள் கையில் பானை இருக்கிறது. தட்டினால் அது இன்னொரு வெடி. அவர் முழுசாக எழுந்துவிடுவார். கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள். வாயைத் திறந்தாள். "இரியுங்க" என்றால் யாரை என்று எப்படித் தெரியும்? மலையில் இருபது ஆண்கள் நிற்கிறார்கள். பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். அந்தப் பெயரை அவள் நாக்கு ஒருநாளும் சொன்னதில்லை, சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்று நம்புகிறவள். அவளை இதற்குமேல் வற்புறுத்த எனக்கு மனமில்லை.

முதல் வெடி முடிந்துவிட்டது. அதை நான் எழுதிவிட்டேன், திருப்பி எடுக்க முடியாது. மீதி நான்கு விரல் உங்கள் கையில் இருக்கிறது.

உங்களுக்கு அவர் புருஷன் இல்லை. பெயரைச் சொன்னால் ஒரு குற்றமும் இல்லை. மனதுக்குள் வாசித்தால் அவருக்குக் கேட்காது, ஓடைச் சத்தம் வேறு இருக்கிறது. பக்கத்தில் யார் இருந்தாலும் பரவாயில்லை, வாய்விட்டுச் சொல்லுங்கள்.

கோலப்பன்.